வீட்டில் எத்தனை பேர்

அந்த வீட்டைத் துப்புரவு செய்யும் வேலை கிடைத்தபோது அது யாருடைய வீடு என்று எனக்குத் தெரியாது. என்னை அனுப்பிய கொம்பனி முகவரியோடு மூன்று கட்டளைகளையும் தந்தது. மரத்தரையில் மருந்துத் தண்ணீர் படக்கூடாது. சுவரிலுள்ள பழைய கடதாசியை அழுத்தித் துடைக்கக்கூடாது. மேல் அறையில் இருக்கும் கட்டிலில் குந்தக்கூடாது. இருபது வருடத்தில் இந்த நகரத்தில் தொழிற்சாலை, வங்கி, பல் வைத்தியரின் கிளினிக் என்று எத்தனையோ இடங்களைத் துடைத்திருக்கிறேன். கட்டிலில் குந்தாதே என்று முன்கூட்டியே சொன்ன இடம் இது ஒன்றுதான்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், டொன் ஆற்றுக்குக் கிட்ட உள்ள ஒரு சின்னத் தெருவில் அந்த வீடு இருக்கிறது. செங்கல் வீடு, இரண்டு மாடி. சுற்றவரக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் பகலிலும் உள்ளே விளக்குப் போட வேண்டும். கிழமையில் மூன்று காலை, நான் இருக்கும் மில்லிக்கனிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் ஏறி அங்கே போவேன். சனம் வந்து பார்க்கும் வீடு என்பதால் பத்து மணிக்கு முன்னர் வேலையை முடிக்க வேண்டும்.

முதல் நாள் எனக்குக் கதவைத் திறந்துவிட்டவர், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் ஒரு கறுப்பினப் பெண்மணி. எழுபது வயது இருக்கும். தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டைக் கட்டிய மனிதரின் வழியில் வந்தவர் என்பதும், சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்கிறார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நான் மேல் அறைக்குப் போய்க் கட்டிலைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைப்பதைக் கண்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கட்டில் அந்தக் காலத்தது இல்லை. அசல் கட்டில் எப்போதோ விறகாகிவிட்டது. களைத்தால் நீங்கள் இருக்கலாம். நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றார்.

அந்த மேல் அறை குசினிக்கு நேர் மேலே இருந்தது. கையை உயர்த்தினால் கூரை முட்டும். அடுப்புச் சூடு பலகை இடுக்குகளால் மேலே வந்து சேரும். நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி, நயாகரா ஆற்றைக் கடந்து வந்தவர்கள் முதல் சில மாதங்கள் படுத்திருந்தது அந்த அறையில்தான். அந்த வீட்டுக்காரரும் அப்படித் தப்பி வந்தவர். பகலில் குதிரை வண்டி ஓட்டினார். மனைவி ஊராரின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு ஒரு வேலையும் ஓர் அறையும் கிடைக்கும்வரை இவர்கள் சோறு போட்டார்கள், இடம் கொடுத்தார்கள். சோறு என்று எழுதிவிட்டேன். அவர்கள் என்ன சாப்பிட்டார்களோ.

இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் பிந்தியதால் வேலை முடியப் பத்தரை ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கீழே கூடிவிட்டார்கள். நான் வாளியோடு மாடிப்படியில் மாட்டிக்கொண்டேன். இறங்கினால் பிள்ளைகளுக்கு நடுவால் போக வேண்டும். அதனால் படியிலேயே நின்றபடி வழிகாட்டி அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடி வந்தவர்களைத் தேடிச் சில வேளைகளில் ஆட்கள் இந்த நகரத்துக்கும் வருவார்களாம். இங்கே சட்டப்படி யாரையும் பிடிக்க முடியாது. ஆனால் ஏமாற்றிக் கூட்டிப்போகலாம், தனியாக அகப்பட்டால் தூக்கிப்போகலாம். அப்படி ஒரு நாள் நல்ல உடுப்புப் போட்ட இரண்டு பேர் இந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாய் பின்னால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகள், ஒன்பது வயதுப் பிள்ளை, போய்த் திறந்தாள். வந்தவர்கள் சிரித்த முகத்தோடு, "வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

"அவள் விரலை மடித்து எண்ணினாள்" என்றார் வழிகாட்டி அம்மா. "அப்பா, அம்மா, நான், தங்கை, தம்பி. ஐந்து பேர் என்றாள். குசினிக்கு மேலே அப்போது நாலு பேர் மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தார்கள். இது எங்கேயும் எழுதிவைத்த கதை இல்லை. எங்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்தது. அந்தச் சிறுமி என் பாட்டனாருக்குப் பெரியம்மா முறை. எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்னமே கதவடியில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது."

பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் படியில் குந்திவிட்டேன். வாளித் தண்ணீர் காலில் ஊற்றுப்பட்டது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

என்னிடமும் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு எங்கெங்கோ அலைந்து, அமெரிக்கப் பக்கம் பபலோவில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு கிழமை காத்திருந்து, பாலத்தைத் தாண்டிக் கனடாவுக்குள் வந்தவள் நான். இங்கே எனக்குச் சொந்தமென்று யாரும் இல்லை. கூட வந்த ஒருவர் தந்த முகவரியை வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் ஓர் அப்பாட்மென்ற் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணை நான் முன்பின் கண்டதில்லை. என் பையை வாங்கிக்கொண்டு, "முதலிலை குளி பிள்ளை, பேந்து கதைப்பம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

இரண்டு படுக்கையறை. அக்காவும் புருசனும் நாலு வயது மகளும் ஒரு குடும்பம். அவர்களோடு, வந்து சேர்ந்தவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஆறு ஆண்கள் ஹோலில் வரிசையாகப் படுப்பார்கள். நானும் இன்னும் இரண்டு பெண்களும் சின்ன அறையில். குழந்தை தாயிடம் படுக்காமல் எங்களுடன் வந்து படுக்கும். காலையில் பாத்றூமுக்கு அக்கா நேரம் வகுத்து வைத்திருந்தார். ஆளுக்கு எட்டு நிமிடம். அக்காவும் அவர் புருசனும் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. எல்லோரும் எழும்புவதற்கு முன்னர் அவர்கள் முகம் கழுவிவிடுவார்கள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவனை நாங்கள் சூப்பர் என்போம். அவனுடைய கண்ணில் படாமல் இருக்க அக்கா சில ஒழுங்குகள் வைத்திருந்தார். லிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் ஒன்றாக ஏறக்கூடாது. சப்பாத்துகளை வாசலில் விடக்கூடாது. கதவு தட்டினால் அக்காவோ அவர் புருசனோதான் திறக்க வேண்டும்.

நான் வந்து ஐந்தாம் மாதம். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கிழமைதான் எண்களையும் "எத்தனை" என்று தொடங்கும் கேள்விகளையும் படித்து முடித்திருந்தோம். குசினியில் பைப் ஒழுகுகிறது என்று அக்கா சொல்லிவைத்திருந்தார். பகல் நேரம் சூப்பர் வந்தான். வீட்டில் நானும் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும்தான். பைப் திருத்த வந்தவன்தானே என்று கதவைத் திறந்தேன். நல்ல மனிதன்போலத்தான் இருந்தான். பைப்பைப் பூட்டிக்கொண்டே, "இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

கேள்வி எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. ஒரு வெள்ளைக்காரன் கேட்டது ஒரு சொல் விடாமல் விளங்கியது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் ஒவ்வொரு முகமாக எண்ணி, வகுப்பில் சொல்லித்தந்த மாதிரியே நாக்கை மடித்து, "இலெவன்" என்றேன். "உன்னுடைய ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்றான். அவன் போன பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டை விட வேண்டும் என்று. அக்காவின் புருசன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அக்கா குசினிக்குள் போய் அரிசியைக் கழுவத் தொடங்கினார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து, மற்றவர்கள் வேலைக்குப் போய், அக்கா குசினியில் நின்ற நேரம், மொன்றியலில் இருந்த தூரத்து உறவுக்காரரிடம் பஸ் ஏறிவிட்டேன். குழந்தை மட்டும் கண்டது. கடைக்குப் போகிறேன் என்று அதனிடம் சொன்னேன்.

மொன்றியலில் கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, திரும்பவும் ரொறன்ரோவுக்கே வந்தோம். அக்கா குடும்பம் முதலில் ஒரு பேஸ்மென்றுக்குப் போய், பின்னர் பிறம்ரனில் வீடு வாங்கியது என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவைத் தூரத்தில் கண்டுவிட்டுச் சாப்பிடாமல் வெளியேறினேன். அவருடைய புருசன் காலமான மரண அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்தேன். அதற்கும் போகவில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

முதன்முதலாகச் சொன்னது அந்த வழிகாட்டி அம்மாவிடம்தான். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தவர் நான் படியில் ஈரக் காலோடு இருப்பதைக் கண்டார். தன் மதியச் சாப்பாட்டை எடுத்துவந்து எனக்குப் பக்கத்துப் படியில் இருந்துகொண்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். பாவம் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை.

"அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இருக்கிறார். பிறம்ரனில்."

"இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"றோட்டில் நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் சான்ட்விச்சைச் சாப்பிடத் தொடங்கினார்.

அதற்குப் பிறகும் நான் மூன்று கிழமை போகவில்லை. அக்காவின் தொலைபேசி எண்ணை எடுப்பதற்கே ஒரு கிழமை. அஜின்கோர்ட்டில் நான் சாமான் வாங்கும் கடைக்காரி அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். அவரிடம் ஏதோ சாட்டுச் சொல்லி எண்ணை வாங்கினேன். எடுத்தபோது அக்காவின் மகள்தான் பேசினாள். யார் என்று சொன்னேன். பிறகு, "அம்மா வீட்டிலைதான் இருக்கிறா. வாங்கோ அன்ரி" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் மரக்கறி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். கார் ஓடும்போது சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். கதவைத் திறந்தவர் அக்காவேதான். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. முழங்கால் வருத்தத்தால் ஒரு பக்கம் சரிந்து நடந்தார். என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சோபாவில் இருத்தினார். தேத்தண்ணி போட எழும்பியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பழகிவைத்த வசனமெல்லாம் போய்விட்டது.

"அக்கா, அண்டைக்கு சூப்பரிட்டைச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா.

"என்னெண்டு தெரியும்?"

"அந்தக் கடிதத்திலை பதினொரு பேர் எண்டு எழுதிக் கிடந்தது. வீட்டிலை இருந்தது பன்னிரண்டு. நானும் அவரும் இருந்து யோசிச்சம், ஏன் ஒரு ஆள் குறையுது எண்டு. பேந்துதான் அவருக்குப் பிடிபட்டது. சொன்ன ஆள் தன்னை எண்ணேல்லை. மற்ற ஆக்களுக்கு அப்பிடி இங்கிலீசிலை மறுமொழி சொல்லவும் வராது. அப்ப, நீ."

முப்பது வருடத்தில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் அன்று எண்ணிய முகங்களை அந்தச் சோபாவில் இருந்தபடியே திரும்ப எண்ணிப் பார்த்தேன். என் முகம் இருக்கவில்லை.

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன செய்ய? நீயே ஒரு குருவிக்குஞ்சு மாதிரி நிண்டனீ."

"கோபம் இல்லையோ அக்கா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"கோபம்தான்" என்றார். "பேஸ்மென்றிலை முதல் வருசம் நல்ல குளிர். பிள்ளைக்கு இருமல். ஒவ்வொரு நாளும் உன்னை ஏசியிருக்கிறன். பேந்து பேந்து அது குறைஞ்சு போச்சு. ஆனா நீ சொல்லாமல் போனது குறையேல்லை. கடைக்குப் போன அன்ரி எப்ப வருவா எண்டு இவள் ரெண்டு மாசம் கேட்டுக்கொண்டு இருந்தவள். அதுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

நான் அழுதேன். அக்கா என்னை அழவிட்டுவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்து உடைத்து, "உதுக்குள்ளை உருளைக்கிழங்கைத் தவிர ஒண்டும் இல்லை. எந்தக் கடை?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவருடைய புருசனின் படம் சுவரில் இருந்தது. போகும்போது அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் வேலை செய்யும் வீட்டைப் பற்றி அக்காவுக்குச் சொன்னது அடுத்த கிழமை போனபோது. முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு அந்த வீட்டைப் பாக்கவேணும்" என்றார். அவருடைய முழங்காலைக் காட்டினேன். "ஆறுதலா, மெள்ள மெள்ள ஏறுவன்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை, ஆட்கள் வராத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். வழிகாட்டி அம்மா வாசலுக்கே வந்து அக்காவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். படியால் ஏற எங்களுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. அறைக்குள் போனதும் அக்கா கட்டிலில் இருந்து மூச்சு வாங்கினார். யாரும் தடுக்கவில்லை. தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கண்ணால் இடத்தை அளக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"இதுக்குள்ளை எத்தினை பேர் படுத்தவை எண்டு கேள்."

நான் மொழிபெயர்த்தேன். "ஒரு குளிர்காலத்தில் ஏழு பேர் என்று சொல்வார்கள்" என்றார் வழிகாட்டி அம்மா.

"தண்ணி எங்கையிருந்து அள்ளினவை? இவ்வளவு பேருக்கும் ஆர் சமைச்சது? படுக்கைத் துணியளை ஆர் தோய்ச்சது?"

வழிகாட்டி அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார். "எல்லோரும் தப்பி வந்தவர்களைப் பற்றித்தான் கேட்பார்கள். அல்லது இந்த வீட்டைக் கட்டியவரைப் பற்றி. எல்லாவற்றையும் அவருடைய மனைவிதான் தோய்த்தார். ஊராரின் உடுப்புகளைத் தோய்த்து முடித்த பிறகு."

"அந்த மனுசி புருசனோடை சண்டை பிடிக்கேல்லையோ எண்டு கேள்."

அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். வழிகாட்டி அம்மா கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிடித்தார்" என்றார். "நாங்கள் அதை வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை. ஒருமுறை, யாரையும் கேட்காமல் அவர் மூன்று பேரைக் கூட்டிவந்துவிட்டார். வீட்டில் மா இல்லை. மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். பேசாமலே அந்த மூன்று பேருக்கும் சமைத்துப் போட்டாராம்."

நான் சொல்லி முடிக்குமுன்னரே அக்காவுக்கு விளங்கிவிட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த அம்மாவின் தொடையில் தட்டினார். "எங்கடை வீட்டிலை நான் ரெண்டு கிழமை கதைக்கேல்லை. இவர் எயார்போட்டிலை நிண்ட ரெண்டு பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்."

அந்தச் சண்டை எனக்குத் தெரியாது. அங்கே ஐந்து மாதம் இருந்தும் அவர்கள் இருவரும் முகம் கோணிப் பேசியதை நான் கண்டதில்லை. எங்களுக்குத் தெரியாமல் எங்கே வைத்துச் சண்டை பிடித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். "கீழை, உடுப்புத் தோய்க்கிற மெசின் அறையிலை. அங்கை நல்ல சத்தம். ஒருத்தருக்கும் கேளாது" என்றார்.

அதன் பிறகு என் மொழிபெயர்ப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில் பாத்றூம் நேரம் வகுத்ததைச் சொன்னார். வழிகாட்டி அம்மா, அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒரு தகரத் தொட்டிதான் என்று சொன்னார். நான் சன்னலடியில் நின்றேன். எத்தனையோ தரம் துடைத்த அறை. இந்த இரண்டு பெண்களும் அதன் நடுவில் ஒரே கட்டிலில் இருந்து, சாப்பாடு எப்படிப் போதாமல் போகும், துணி எப்படிக் காயாமல் கிடக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடைக்கலம் என்பது கதவைத் திறந்துவிடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திறந்த பிறகு வரும் நாட்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பிறம்ரனுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"அந்த மனுசிக்கு எவ்வளவு அலுத்திருக்கும்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்கு அலுக்கேல்லையோ அக்கா?"

"அலுத்தது. சில நாள் எல்லாரையும் அடிச்சுக் கலைக்கவேணும் போலை இருக்கும். ஆனா கதவு தட்டுற சத்தம் கேட்டா எனக்கு முதல் வாற யோசினை, ஃபிரிஜ்ஜுக்குள்ளை எத்தினை முட்டை கிடக்கு எண்டுதான்."

முன்னால் நின்ற லொறி கொஞ்சம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். மகள் வேலையால் வரப் பிந்தும், இரவுக்குப் புட்டும் சொதியும் வைக்கப்போகிறேன், தேங்காய் துருவ ஓர் ஆள் வேண்டும் என்றார் அக்கா.

"நிண்டு போறியோ?"

"ஓம் அக்கா" என்றேன். வீட்டுக்கு அழைத்து, நான் வரப் பிந்தும் என்று கணவரிடம் சொன்னேன். எங்கே நிற்கிறாய் என்று அவர் கேட்டார். அது ஒரு பெரிய கதை, வந்து சொல்கிறேன் என்றேன்.